தோல் கிளினிக்கில் என்ன செய்வார்கள்?



"தேமல்தானே, வலிக்கலியே" என்கிறோம். தொட்டாலும் தெரியாத வெளிறிய தேமலைத்தான் டாக்டருக்குக் காட்ட வேண்டும். கடைக் களிம்பைப் பூசி மறைக்காதீர்கள்.

டாக்டர் முதுகு, கால் என உடம்பு முழுக்கப் பார்ப்பார். கூச்சமாயிருந்தால் நர்ஸ் அம்மாவைக் கூட நிற்கச் சொல்லலாம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள். தெரியலேன்னா தெரியலேன்னே சொல்லுங்கள், டாக்டருக்காக ஆமாம் போடாதீர்கள். முழங்கை நரம்பையும் தடவிப் பார்ப்பார். சிலருக்குக் காதுமடலில் சிறு கீறல் போட்டுச் சோதிப்பார்கள்.

தொழுநோய் என்றாலும் 6 மாதமோ 12 மாதமோ மாத்திரைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றாது. ஹெந்தளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அந்தக் காலத்துப் பயம். லயத்திலேயே இருந்து, மலைக்கும் போகலாம்.

கிளினிக் நாளைத் தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள்.