அரிப்பின் காரணம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கலாம்



போன வருடம் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயது இருக்கும். நெற்றி ஓரம், காது, கண் இமை, கழுத்து எல்லாம் சிவந்து தடித்திருந்தது. "எட்டு மாசமா ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்" என்று சொல்லி, பையை மேசையில் கவிழ்த்தாங்க. ஏழு களிம்பு, மூணு சோப்பு! மருந்துக் கடையில் கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, மகள் ஆன்லைனில் வாங்கித் தந்தது.

"எப்பெல்லாம் அதிகமாகுது?" என்று கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வெளியூர் மகளுக்குப் போட்டோ அனுப்பியிருக்காங்க. தேதியோடு பார்த்தோம். ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு, தீபாவளி. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் முகம் வீங்கியிருக்கு.

"விசேஷத்துக்கு முந்தின நாள் என்னம்மா செய்வீங்க?"

"தலைக்கு டை அடிப்பேன். ஆனா பத்து வருஷமா அதேதானே போடுறேன்!"

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பல வருடம் ஒத்துக்கொண்ட பொருளே திடீரென ஒவ்வாமல் போகலாம். தடிப்பும் உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரலாம். அதற்குள் பழி கத்தரிக்காய் மேலயும் கருவாட்டு மேலயும் விழுந்துடும்!

அவங்களுக்கு 'பேட்ச் டெஸ்ட்' செய்தோம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். அதன் பிறகு இன்னொரு நாளும் பார்ப்போம். காரணம், தலைச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம். 'கறுப்பு மருதாணி'யிலும் இதைக் கலப்பதுண்டு. வாசனைப் பொருள்கள், கிரீம் கெடாமலிருக்கச் சேர்ப்பவை, கவரிங் நகையின் நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை ஆகியவையும் சிலருக்கு ஆகாது. 'ஹெர்பல்' என்று போட்டிருந்தால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை.

அரிப்பு விடாமல் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்:

• புதுசு புதுசா கிரீம் மாற்றாதீங்க. முகத்துக்குப் போடுவதையெல்லாம் நிறுத்தி, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் மட்டும் போதும்.

• தடிப்பை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்க. பயன்படுத்தும் பொருள்களின் பின்பக்க லேபிளையும் எடுங்க.

• ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்கிப் போடாதீங்க. இவற்றில் பலவற்றை 2018 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முதலில் அரிப்பு அடங்கும். நாளாக நாளாகத் தோல் மெலியும். படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும்.

• வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறதா? அது சிரங்காக இருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்கணும்.

நேரில் வர முடியாதவர்கள் 'இ-சஞ்சீவனி' மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த அம்மா சமீபத்தில் நரைத்த தலையோடு வந்தாங்க. "கண்ணாடி பார்க்கத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. ஆனா நல்லாத் தூங்குறேன் டாக்டர்" என்றாங்க.