பயப்பட வேண்டியது யார்?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’ 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் ரசிகர்கள் இரு தரப்பாகவே பேசுகிறார்கள்.

உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில் காற்று வாங்கப் போனால்கூட அந்தப் பயங்கர இசை காதில் கேட்கிறது என்பார்கள் மூத்தவர்கள். அது வெறும் பொம்மைச் சுறா என்று சிரிப்பார்கள் இளையர்கள்.

இரண்டும் உண்மைதான். படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியின்றி இயக்குநர் அதை மறைத்தே வைத்தார். முதல் ஒரு மணி நேரத்தில் சுறாவின் முழு உருவம் தெரியாது. ஜான் வில்லியம்சின் இசைதான் பயமுறுத்தியது. அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

ஆனால் பயம் திரையோடு நிற்கவில்லை. சுறா என்றால் கொலைகாரன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. மூலக்கதை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி அதற்காக வருந்தி, சுறாக்களைக் காக்கப் பாடுபட்டு, 2006இல் மறைந்தார். ஸ்பீல்பெர்க்கும் 2022இல் வருத்தம் தெரிவித்தார்.

கணக்கைப் பாருங்கள். சுறா தாக்கி ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேர்கூட இறப்பதில்லை. மனிதர்கள் கொல்லும் சுறாக்களோ, 2013இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி! சுறாத் துடுப்பு வணிகத்தில் சிங்கப்பூர் உலகின் முக்கிய மையங்களுள் ஒன்று. சீனர் திருமண விருந்தில் துடுப்பு சூப். தமிழர் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு.

படம் பார்த்துப் பயப்படுங்கள், தவறில்லை. முடிந்ததும், தட்டில் கிடப்பது யார் என்பதையும் ஒருமுறை பாருங்கள்.