இரத்தம் எடுப்பவரும் நாமும்

(பொன்விழா ஆண்டின் நோயாளர் தினக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பொன்விழாவை முன்னிட்டு வருகிற ஞாயிறன்று, இரண்டாம் பூசைக்குப் பின், பள்ளிக் கட்டடத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் நடைபெற இருப்பதை அறிவீர்கள். ஆனால் பெயர் கொடுத்தவர்களைவிட, "ஊசியா சாமி, எனக்கு வேண்டாம்" என்று நழுவியவர்களே அதிகம் என உபதேசியார் சொல்கிறார். ஆகவே அந்த ஊசியைப் பிடிக்கிறவரைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும். நர்சம்மாவின் பெயரும் தெரியும். விடியற்காலையில் தட்டை ஏந்திக்கொண்டு கட்டில் கட்டிலாக வந்து இரத்தம் எடுத்துப் போகிறவரின் பெயர் யாருக்குத் தெரியும்?

மேல்நாடுகளில் இவ்வேலைக்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர்கள் உண்டு. 'பிளெபாட்டமிஸ்ட்' என்பார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் லேப் டெக்னீஷியனோ நர்சோதான் இதைச் செய்கிறார். குருமடத்தில் படித்த கொஞ்சம் கிரேக்கம் இங்கே உதவுகிறது: 'பிளெப்ஸ்' என்றால் இரத்த நாளம், 'தோமே' என்றால் வெட்டுதல். ஒரு காலத்தில் கெட்ட இரத்தத்தை வெளியேற்றினால் நோய் தீரும் என்று நம்பி நாளத்தை வெட்டினார்கள். துறவி மடங்களிலும் அது வழக்கமாயிருந்தது. குருக்கள் வெட்டும் சுடும் வைத்தியத்தில் கைவைக்கக் கூடாது என்று 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தடை விதித்தது; ஆகவே நான் உங்களுக்கு இரத்தம் எடுக்க வரமாட்டேன், பயப்படாதீர்கள்! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனுக்கு 1799இல் தொண்டைநோய் கண்டபோது, ஒரே நாளில் பலமுறை இரத்தம் வடித்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார்.

இன்று இரத்தம் எடுப்பது நோயை அறிவதற்காக. ஒரு டியூபுக்கு 2 முதல் 5 மில்லி வரை, அதாவது அதிகம் போனால் ஒரு தேக்கரண்டி. வளர்ந்தவர் உடலிலோ ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. "இரத்தம் எடுத்து எடுத்தே உடம்பு வற்றிப்போச்சு" என்று நம் பாட்டிமார் சொல்வது மனவருத்தத்தில் வரும் பேச்சேயன்றி வேறல்ல.

அப்படியானால் எங்கே ஆபத்து? ஊசி குத்துவதைவிடப் பெரிய ஆபத்து, டியூபில் ஒட்டும் சீட்டில் இருக்கிறது. நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை அந்தோணிசாமி, எத்தனை ஆரோக்கியமேரி! ஒரே வார்டில் இரண்டு சவரிமுத்து படுத்திருப்பது நம் பக்கத்தில் அதிசயமன்று. ஒருவருடைய இரத்தம் மற்றவர் பெயரில் போனால், சர்க்கரை இல்லாதவர் மாத்திரை விழுங்குவார். இரத்த வகையே மாறிப்போய், ஒவ்வாத இரத்தம் ஏற்றப்பட்டால் உயிரே போகக்கூடும். ஆகவே நன்கு பயின்றவர், "நீங்கதானே சவரிமுத்து?" என்று கேட்கமாட்டார். காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார் அல்லவா? "உங்க பேரு என்னங்க? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, சொல்லவைத்து, சீட்டோடு ஒத்துப்பார்ப்பார். இரத்தம் எடுத்த கையோடு, உங்கள் எதிரிலேயே டியூபில் பெயர் எழுதுவார். அப்படிச் செய்யவில்லையெனில், "தம்பி, என் பேரைச் சரியாப் பாத்துக்கங்க" என்று நீங்கள் சொல்வதில் தவறே இல்லை. இரத்தம் ஏற்றுமுன் வகையை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் இதற்காகவே. "முகாமிலேயே பார்த்தாச்சே, மறுபடி எதற்குச் செலவு?" என்று அங்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

மற்றவை கைப்பழக்கம். கையைக் கழுவி, புதிய கையுறை அணிந்து, ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். முழங்கைக்கு மேலே கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கலாகாது. ஸ்பிரிட் தடவினால் அது தானாக உலர வேண்டும். வாயால் ஊதுவதும், துடைத்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்ப்பதும் துடைத்ததையே வீணாக்கும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் கணக்கு தப்பாக வரும். விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். எடுத்தபின் பஞ்சை வைத்துக் கையை நீட்டியபடியே அழுத்துங்கள். நம்மவர்கள் எல்லாரும் செய்வதுபோல முழங்கையை மடக்கினால் இரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். இரண்டு முறை குத்தியும் நாளம் அகப்படாவிட்டால், அடுத்தவரைக் கூப்பிடுவதே முறை. அதை அவமானமாக நினைக்கிறவரிடம் கையை நீட்டாதீர்கள். மயக்கம் வரும் வழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், படுக்கவைத்து எடுப்பார்கள்.

இனி, ஊசியின் மறுமுனையில் இருப்பவரைப் பற்றி. 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் மேற்பார்வையில் நிர்மலா என்ற மாணவி, எய்ட்ஸ் கிருமி நம் நாட்டில் உண்டா என்று அறிய, தாமே சென்று பெண்களிடம் இரத்தம் சேகரித்தார். கையில் உறைகூடக் கிடையாது. பிரித்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். சில மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் அந்நோய்க் கிருமி முதன்முதல் வெளிப்பட்டது அவ்விதமே. "இங்கே அதெல்லாம் வராது" என்றிருந்த நாட்டின் கண்ணைத் திறந்தது அவர் சேகரித்த அந்த இரத்தம்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பங்கின் பெண்பிள்ளைகள் பலர் டி.எம்.எல்.டி. படித்துவிட்டுத் தனியார் லேப்களில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். பெற்றோர்களே, பிள்ளையிடம் சம்பளத்தைக் கேட்குமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு, அந்நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், நூற்றுக்கு 30 பேர் வரை நோய் பற்றலாம், எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3 பேர் அளவே. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது. மூடப்போகும்போதுதான் விரலில் குத்துகிறது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, துளைக்கமுடியாத வெள்ளைப் பெட்டியில் உடனே போட்டுவிட வேண்டும். அந்தப் பெட்டி வாங்கப் பணமில்லை என்று சொல்லும் முதலாளி, வேறு எதற்குப் பணம் வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. தவறிக் குத்திவிட்டால், விரலைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வேலை போய்விடும் என்று அஞ்சி மறைப்பதுதான் பெருந்தீங்கு.

ஞாயிறு முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும்வயிற்றுச் சர்க்கரை பார்க்க 8 மணி நேரம் சாப்பிடாமலிருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். நற்கருணை உபவாசம் 1 மணி நேரந்தான், இதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் பூசை வரை பசி தாங்காத சர்க்கரை நோயாளிகளும், மருந்து ஊசி போடுகிறவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக வைத்திருப்பவர்கள், ஆதார் அட்டையில் உள்ள பெயரையே தகப்பன் பெயருடன் சனிக்கிழமை மாலைக்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள்.