இரண்டு மூன்று டிகிரிதானே!

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை என்றதும், "எந்தக் கம்பெனி மூட்டு, டாக்டர்? என்ன விலை?" என்றுதான் எங்களிடம் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த மூட்டானாலும் சற்றுக் கோணலாகப் பொருத்திவிட்டால் வலி தீராது.

சமதரையில் நடக்கும்போதே முழங்காலின்மேல் நம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் இறங்குகிறது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு நூல் பிடித்தால், அது முழங்காலின் நடுவே செல்ல வேண்டும் என்பது பழைய விதி. சக்கரம் கோணிய வண்டியில் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதல்லவா? இங்கிலாந்தில் 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், நூல் நடுப்பகுதியில் சென்ற மூட்டுகளில் நூற்றுக்கு 3 தளர்ந்தன. விலகிச் சென்றவற்றில் 24. ஆனால் 2010-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 15 வருடக் கணக்கைப் பார்த்து, நூல் பிடித்தாற்போல் நின்ற மூட்டுகள் கூடுதல் காலம் உழைக்கவில்லை என்றார்கள். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நூலை நாங்கள் விட்டுவிடவில்லை. அது மட்டும் போதாது என்று மாத்திரம் கற்றுக்கொண்டோம்.

எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாயார். முட்டி தட்டும் கால்கள் அவருக்கு. அறுவை சிகிச்சை செய்தோம். முன்புறமிருந்து எடுத்த எக்ஸ்ரே நேர்த்தியாக இருந்தது. ஆறு மாதம் கழித்தும் படியேறினால் முன்பக்கம் வலிக்கிறது என்றார். "பயிற்சி செய்யுங்கள் அம்மா" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினோம். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது காரணம் தெரிந்தது. தொடை எலும்பின் முனையில் மாட்டிய உலோகத் தொப்பி சில டிகிரி உட்புறம் திரும்பியிருந்தது.

அந்தத் தொப்பியில் ஒரு பள்ளம் உண்டு. முழங்கால் சில்லு அதில்தான் ஓடும். தொப்பி உள்ளே திரும்பினால் பள்ளமும் திரும்பும்; தொடைத் தசையோ சில்லை வெளியே இழுக்கும். மடக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு விளிம்பில் உரசும். அதனால் எலும்பின் பின்புறத்தை வைத்து அளந்து, சுமார் 3 டிகிரி வெளிப்புறம் திருப்பிப் பொருத்துவது வழக்கம். அப்படித்தான் நாங்களும் செய்தோம். ஆனால் முட்டி தட்டும் கால்களில் வெளிப்பக்க எலும்பு தேய்ந்திருப்பதால் அந்த அளவே ஏமாற்றிவிடும். இப்போது எலும்பின் இரு பக்க மேடுகளையும் தொட்டுப் பார்த்து, அவற்றை இணைக்கும் கோட்டையும் சரிபார்த்த பிறகே வெட்டுகிறோம்.

தாயாருக்கு மறுபடி அறுவை செய்து தொப்பியை மாற்றினோம். இப்போது படியேறுகிறார். சம்மணமிட மட்டும் நாங்கள் விடுவதில்லை. அதில் அவருக்கு எங்கள்மேல் இன்னும் வருத்தந்தான்.