பொதுவிடங்களும் ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசுமாறு பணித்த விஷயம் மேடைகளில் அதிகமாக அடிபடாத விஷயம். கல்வியைப் பற்றியும், உத்தியோகத்தைப் பற்றியும், வியாபார அபிவிருத்தியைப் பற்றியும் நமது சங்கக் கூட்டங்களில் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். ஆனால், நமது குழந்தைகள் மாலை வேளையில் கூடி விளையாடும் இடத்தைக் காப்பவர் யார், அவ்விடத்தில் ஓர் அபாயம் நேரிடின் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யார் என்னும் கேள்விகளை நாம் கேட்பதில்லை. கேட்க நேரிட்டாலும், மயானத்திலிருந்து திரும்பி வருங்காலத்திலேயே கேட்கின்றோம். அக்காலத்துக் கேட்கும் கேள்வி இறந்த உயிரை மீட்காது. ஆதலின், முன்கூட்டியே கேட்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றேன்.

ஸ்தல சுயாட்சி நமது நாட்டிற்கு நேற்று வந்ததன்று. சென்னை நகரசபை 1688-ம் வருஷத்தில் தொடங்கிற்று. ரிப்பன் பிரபு 1882-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி வெளியிட்ட தீர்மானத்தில், ஸ்தல ஸ்தாபனங்களை நிறுவுவதன் முக்கிய நோக்கம் ஜனங்களுக்கு அரசியற் பயிற்சி அளிப்பதேயாம் என்னும் கருத்தை வலியுறுத்தினார். சுதந்தர இந்தியாவில் நமது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதனாற் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில் நகரசபைகளுக்குரியனவாகப் பதினெட்டு விஷயங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றை அமைத்தல் அவற்றுள் ஒன்று. தெரு விளக்கு ஒன்று, தீயணைப்பு மற்றொன்று. ஆகவே, பொழுதுபோக்கும் பாதுகாப்பும் ஒரே அட்டவணையில் அருகருகே வீற்றிருக்கின்றன. காகிதத்தில் அருகருகே இருப்பன தெருவிலும் அருகருகே இருக்கின்றனவா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலாவது, நிலத்தைக் காத்தல். பூங்கா என்பது முதலில் வெற்று நிலமே. வெற்று நிலத்தைக் கண்டால் எல்லோருக்கும் ஓர் ஆசை பிறக்கின்றது. ஒருவர் கடை வைக்க விரும்புவார். மற்றொருவர் காரியாலயம் கட்ட விரும்புவார். வேறொருவர் தருமத்தின் பெயராலேயே அதனைக் கேட்பார். பெங்களூர் நகரத்தில் ராஜமகால் விலாஸ் விஸ்தரிப்பு என்னும் பகுதியில் பூங்காவிற்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தை, ஆஸ்பத்திரி கட்டும் பொருட்டுத் தனியார் ஸ்தாபனம் ஒன்றுக்கு அளித்தனர். அப்பகுதி வாசிகள் வழக்குத் தொடர்ந்தனர். 1991-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் அவ்வாறு அளித்தது செல்லாதென்று தீர்ப்புக் கூறினர். ஆஸ்பத்திரி நல்ல காரியமன்றோ என்று சிலர் வினவலாம். நல்ல காரியமே. ஆயினும், ஒரு நல்ல காரியத்திற்காக மற்றொரு நல்ல காரியத்தின் நிலத்தைப் பறித்தல் ஆகாது. பூங்கா ஊராருக்குரியது, அதனை நிர்வகிப்போர் அதற்கு உடைமைக்காரர் அல்லர். அதனினும் முக்கியமானது, அக்கம் பக்கத்தில் குடியிருப்போரே வழக்காட உரிமையுடையவர் என்று அத்தீர்ப்பினால் நிலைநாட்டப்பட்டதாகும்.

நமது தமிழ்நாட்டில் 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், சாலைகள் நீங்கலாக எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக ஒதுக்கி, தானசாசனம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டும். நமது சமூகத்தாருள் மனை வாங்குவோர் பலர். வாங்குங்கால் கிணற்று நீரின் சுவையைப் பார்க்கின்றோம்; வாசல் நோக்கும் திசையைப் பார்க்கின்றோம். மனைப் படத்திற் பச்சை வர்ணம் தீட்டிய அந்தப் பத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே ஒப்படைக்கப்பட்டதா, வேலி இடப்பட்டதா என்று பார்ப்போர் எத்தனை பேர்? வேலியற்ற பொது நிலம் நாளடைவில் யாரோ ஒருவருடைய சொந்த நிலமாகிவிடுவதை நாம் காணாததன்று.

இரண்டாவது, உயிரைக் காத்தல். இவ்விஷயத்தில் பழங்கதை ஒன்றையும் புதுக்கதைகள் இரண்டையும் கூறுகின்றேன்.

சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரிய பூங்கா இருந்தது. அங்கே நடைபெற்ற பொருட்காட்சியில் 1886-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அது. ஒரு நூற்றாண்டிற்கு மேல் கழிந்தும் அக்கதை பழங்கதையாகாமல் இருப்பதுதான் துக்கம்.

கூர்ஜர தேசத்தில், மச்சு நதிக்கரையிலுள்ள மோர்பி நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட தொங்குபாலம் ஒன்று இருந்தது. அது போக்குவரத்திற்காக அன்றி, உல்லாசமாக நடந்து பார்ப்பதற்கென்றே ஜனங்கள் சீட்டு வாங்கிச் செல்லும் இடமாக விளங்கிற்று. நகரசபையார் அதன் பராமரிப்பைக் கடிகார வியாபாரத்திற் பேர்பெற்ற ஒரு கம்பெனியாரிடம் ஒப்படைத்திருந்தனர். பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டிருந்த பாலம் 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் 26-ந் தேதி திறக்கப்பட்டது. நான்கே நாட்களில், 30-ந் தேதி மாலை, அது அறுந்து வீழ்ந்தது. 135 பேர் மாண்டனர். அவர்களுட் குழந்தைகள் பலர். பின்னர் விசாரித்த குழுவினர் கண்டதென்ன? பிரதான வடம் ஒன்றிலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்னரே துருவேறிப் பழுதுபட்டிருந்தன. ஒரே சமயத்தில் பாலத்தின்மீது எத்தனை பேர் நிற்கலாம் என்னும் கட்டுப்பாடு இல்லை. திறக்குமுன் தகுதிச் சான்று பெறப்படவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்திற்கோ நகரசபையின் பொதுக்குழுவினது சம்மதமே பெறப்படவில்லை. அந்நகரசபை 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கலைக்கப்பட்டது.

அதே பிரதேசத்தில் ராஜ்கோட் நகரத்தில், 2024-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, விளையாட்டுக் கூடம் ஒன்றில் தீப்பற்றி 27 பேர் மாண்டனர். கோடை விடுமுறை, சனிக்கிழமை, கட்டணமும் அன்று குறைக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் திரளாக வந்திருந்தனர். அக்கூடம் தீயணைப்பு இலாகாவின் ஆட்சேபமின்மைச் சான்று இன்றியே நடந்து வந்தது. அதனை அகற்ற வேண்டுமென்று 2023-ம் வருஷத்திலேயே உத்தரவு பிறந்திருந்தும் அது நிறைவேற்றப்படவில்லை. அங்ஙனம் நிறைவேற்றாத காரணம் யாதென ஹைகோர்ட்டார் வினவினர். அது மனிதரால் நேர்ந்த விபத்தென்றும் அவர்கள் கூறினர்.

சகோதரர்களே! இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. சட்டம் இல்லாமையால் அவர்கள் மாளவில்லை. சட்டம் இருந்தது, சபை இருந்தது, உத்தியோகஸ்தர் இருந்தனர், உத்தரவுகூட இருந்தது. மேற்பார்வை ஒன்றுதான் இல்லை. பராமரிப்பைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக எண்ணினர். பராமரிப்பைக் குத்தகைக்கு விடலாம்; பொறுப்பைக் குத்தகைக்கு விட இயலாது. தன் குழந்தையைத் தாதியிடம் விட்ட தாய், தாய்மையினின்று நீங்கினவள் ஆவளோ?

நகரசபைக்குப் பணம் ஏது, தனியாரிடம் கொடாவிட்டால் பூங்கா எவ்வாறு நடக்கும் என்று கேட்போர் உளர். அவர்கள் கேட்பது நியாயமே. குத்தகையைக் குற்றமென்று நான் கூறவில்லை. குத்தகைச் சாசனத்தில் எழுத வேண்டியவற்றை எழுத வேண்டுமென்றே கூறுகின்றேன். எத்தனை பேரை உள்ளே விடலாம், யார் எப்பொழுது சோதிப்பது, திறக்குமுன் யாருடைய சான்று வேண்டும், அபாயம் தோன்றினால் உடனே மூடும் அதிகாரம் யாருக்கு என்னும் நான்கு விஷயங்களும் அதில் இடம் பெறுதல் வேண்டும். அச்சாசனம் சபையின் முன் படிக்கப்பெறுதலும் வேண்டும்.

மேனாட்டார் இவ்விஷயத்திற் கண்ட அநுபவமும் நமக்குப் பயன்படும். ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்து ஐபிராக்ஸ் மைதானத்தில் 1971-ம் வருஷம் ஜனவரி மாதம் 2-ந் தேதி படிக்கட்டு நெரிசலில் 66 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1975-ம் வருஷத்தில் மைதானங்களின் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பெரிய மைதானங்கள் ஸ்தல ஸ்தாபனத்திடம் பாதுகாப்புச் சான்று பெற வேண்டும். எத்தனை பேர் நுழையலாம் என்பது அச்சான்றிற் குறிக்கப்பட வேண்டும். நல்ல சட்டம். ஆயினும், 1989-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி ஷெப்பீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் உண்டாகி, அதன் காரணமாக 97 பேர் உயிரிழந்தனர். போலீசாரின் கூட்ட நிர்வாகத் தவறே அதற்கு முதற் காரணமென விசாரணையில் தெளிவாயிற்று. அதனோடு, அம்மைதானத்தின் சான்று 1979-ம் வருஷத்தில் அளிக்கப்பட்டதென்பதும், பின்னர் மைதானத்திற் செய்த மாறுதல்களுக்கேற்ப அது திருத்தப்படவில்லையென்பதும் வெளிவந்தன. சுவரிலே தொங்கும் சான்று நேற்றைய நிலைமையைக் கூறும். இன்றைய துருவை அது அறியாது. ஆகவே, சான்று உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அதன் தேதி என்ன என்றும் கேட்டல் வேண்டும்.

நமது ஊரிலோ மற்றொரு சங்கடமும் உண்டு. பூங்கா நகரசபையைச் சேர்ந்தது; தீயணைப்பு இலாகா மாநில சர்க்காரைச் சேர்ந்தது; மின்சாரம் வேறொரு ஸ்தாபனத்தைச் சேர்ந்தது; ஒழுங்கு காப்பது போலீசாரைச் சேர்ந்தது. பூங்காவில் ஒரு விளக்குக் கம்பத்தின் கம்பி வெளியே தொங்கினால், நால்வரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுவர். அந்த நால்வரையும் ஒரு மேஜையின் முன் கூட்டும் கடமை, ஜனங்களின் வோட்டைப் பெற்று வந்த கவுன்சிலருடையது. அவரைக் கூட்டச் செய்யும் கடமை நம்முடையது.

அக்கடமையை எங்ஙனம் செய்வது? கிராமங்களில் கிராம சபை கூடுகின்றது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடுவது யாவரும் அறிந்ததே. நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் அமைப்பதற்கு 2022-ம் வருஷத்தில் விதிகள் ஏற்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ம் வருஷமே வந்தது. மனுச் செய்த முப்பது நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும். பூங்காவின் குத்தகைச் சாசனத்தின் பிரதியை எவரும் கேட்டுப் பெறலாம். கருவிகள் உள, கையில் எடுப்போர்தாம் வேண்டும்.

நமது சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு சிறு வேலைத்திட்டத்தை விண்ணப்பித்துக் கொள்ளுகின்றேன். மாதம் ஒரு முறை நான்கு பேர் சேர்ந்து ஊர்ப் பூங்காவிற்குச் செல்லுங்கள். ஊஞ்சற் சங்கிலியைப் பாருங்கள். சறுக்குப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். கம்பங்களையும் கம்பிகளையும் பாருங்கள். கிணறோ தொட்டியோ மூடியிருக்கின்றதா என்று பாருங்கள். இருட்டிய பின்னர் விளக்கெரிகின்றதா, பெண்கள் அச்சமின்றி நடக்க இயலுமா என்று பாருங்கள். பொருட்காட்சி வந்தால் வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். கண்டதைத் தேதியிட்டு எழுதி, கமிஷனருக்கு ஒன்றும் கவுன்சிலருக்கு ஒன்றுமாக அனுப்பி, ஒப்புதற் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே பழுது இருப்பின் மறுபடியும் எழுதுங்கள். வசைமொழி வேண்டா, தேதியும் விவரமும் போதும். தேதியிட்ட கடிதம் உத்தியோகஸ்தரை விழிப்பிக்கும் வலிமையுடையது. அறியேன் என்று பின்னர் கூற அவருக்கு இயலாது.

முடிவாக ஒன்று. இது ஒரு சாதிச் சங்கத்தின் கூட்டம். ஆதலால் இதைக் கூறுவது என் கடமை. பூங்காவைக் கேட்கும்போது நமது தெருவிற்கு வேண்டுமென்றோ, நமது ஜனங்களுக்கு வேண்டுமென்றோ கேட்டல் தகாது. சென்னைச் சட்டசபையில் 1924-ம் வருஷத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லா வகுப்பாருக்கும் உரியனவென்று தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. சர்க்கார் பணத்திற் பராமரிக்கப்பெறும் பொதுவிடங்களில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாதென்று நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து விதிக்கின்றது. மோர்பியில் அறுந்த வடம் எவருடைய குலத்தையும் விசாரித்து அறவில்லை. ஊஞ்சலின் துருப்பிடித்த சங்கிலியும் அங்ஙனமே. அடுத்த தெருக் குழந்தைக்குப் பத்திரமில்லாத பூங்கா நமது குழந்தைக்கும் பத்திரமானதன்று. ஆதலின், மேற்சொன்ன நால்வரில் இருவராவது அடுத்த தெருவினராக, வேறு சமூகத்தினராக இருக்கட்டும் என்பது எனது வேண்டுகோள். நாலு தெருவாரும் கையொப்பமிட்ட கடிதத்தைக் குப்பைக் கூடையில் இடுவதற்கு எந்தச் சபையாரும் தயங்குவர்.