கொல்லையில் ஒரு குளம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆன்றோர் பலர் இலக்கியமும் சமயமும் பேசிய இம்மேடையில் குளம் கட்டிய கதையைக் கூற வந்திருக்கிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிச் செகந்தராபாத்தில் இரயில்வே சரக்குக் கணக்கு எழுதுகிறவன். எனினும் செயலாளர் அவர்கள், “ஹப்சிகுடாவில் நீங்கள் பட்ட பாட்டையே சொல்லுங்கள், வீடு கட்டுவோருக்கு உதவும்” என்று பணித்தார்கள். அப்பணியை ஏற்கிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு அருகில், அரசலாற்றங்கரையில் உள்ளது. அங்கே நீச்சல் என்பது தனியாகக் கற்கும் கலையன்று. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் குளத்தில் இறக்கிவிடுவார்கள். சில நாளில் குடுக்கை போய்விடும், நீச்சல் நின்றுவிடும். என் இளைய தம்பி ஒருவனே நோஞ்சான் என்பதால் கற்பிக்கப்படாதவன். ஒன்பதாம் வயதில் வாய்க்கால் மதகடியில் அவனை இழந்தோம். அன்று அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவள் என் தமக்கை. அதைப் பற்றி அவள் பின்னர் வாய் திறந்ததே இல்லை.

அத்தமக்கையின் வீடுதான் ஹப்சிகுடாவில் இருப்பது. அத்தான் வளைகுடா நாட்டில் பணிபுரிந்து வந்தார். கொல்லையில் கார்க் கொட்டகை போடலாம் என்று அவர் 2019-இல் சொன்னபோது, “கொட்டகை வேண்டாம், குளம் வேண்டும். பெண்கள் இருவரும் நீந்தக் கற்றாக வேண்டும்” என்றாள் தமக்கை. கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கும் குளங்கள் நகரில் உண்டே என்றேன். “என் கண்முன்னே கற்கவேண்டும், தம்பி” என்றாள். அதற்குமேல் நான் வாதிடவில்லை. மேற்பார்வைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நீளம் 20 அடி, அகலம் 10 அடி, ஆழம் 4 அடி என்று வகுத்தோம். அதாவது 800 கன அடி. ஏறத்தாழ 22,600 லிட்டர். சிந்துவெளியில் மொகஞ்சதாரோப் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கிப் பூசி, நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூச்சும் கொடுத்திருந்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கசிவுக்கு அஞ்சினர். நான் அஞ்சத் தவறினேன். அதுவே என் கதை.

2020 சனவரியில் தோண்டத் தொடங்கினோம். மூன்றடி மொரம் மண், அதன்கீழ்க் கருங்கற்பாறை. ஐதராபாத் நிற்கும் இப்பாறையின் வயது 250 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புவியின் நாடி பார்க்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம், 1961-இல் தோன்றியது, நம் ஹப்சிகுடாவிலேயே உள்ளது. ஆனால் எங்கள் கொல்லைப் பாறையை உடைக்க அந்த நிலையம் வராது. வெடி வைக்க அண்டை வீட்டுச் சுவர்கள் இடங்கொடா. முதிய கல்லுடைப்பாளர் ஒருவர் தம் மகனுடன் வந்து, உளியும் ஆப்பும் கொண்டு அரையடி ஆழம் பெயர்க்கப் பதினாறு நாட்கள் ஆயின. அதற்குமேல் வேண்டாம் என்று நிறுத்தி, சுவரைத் தரைக்குமேல் ஓரடி உயர்த்தினோம்.

மார்ச் 20-ஆம் நாள் அடித்தளக் கான்கிரீட் போட்டனர். மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு. ஒடிசாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர் ஊர் போய்ச் சேர்ந்த துயரத்தை நீங்கள் அறிவீர்கள். சூலையில் வேறு ஆட்கள் வந்து அத்தளத்தின்மேல் சுவரை எழுப்பினர். பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் தாமாக ஒட்டா. இடையில் நீர்த்தடுப்புப் பட்டை பதிக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் பதிக்கவில்லை. நீர் நிரப்பி ஒரு வாரம் பார்த்தபின் ஓடு பதிக்கவேண்டும் என்பதும் முறை. அதையும் செய்யவில்லை. கேட்கத் தெரியாத நானும் உடந்தையே.

ஆகஸ்டில் நீர் நிறைத்தோம். நாள்தோறும் மட்டம் இறங்கியது. வெயிலில் ஆவியாகிறது என்றார் ஒப்பந்தக்காரர். இதை அறிய எளிய வழி உண்டு. குளமுடையோர் மனத்திற் கொள்க. ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, வாளியின் உள்ளும் குளத்துச் சுவரிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிடவேண்டும். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. வாளியில் நூலளவே குறைந்தது. குளத்தில் ஓரங்குலம் குறைந்தது. ஐயமில்லை, கசிவுதான். பழுதுபார்க்க அக்டோபர் முதல் வாரத்தில் குளத்தைக் காலி செய்தோம்.

அக்டோபர் 13. அன்றும் மறுநாள் விடியும்வரையும் பெய்த மழையை இச்சபையில் மறந்தவர் இருக்கமாட்டார். ஹப்சிகுடாவில் பல தெருக்கள் மூழ்கின. மாலையில் கல்லுடைப்பாளர் நனைந்தபடி வந்தார். “ஐயா, குளத்தை நிரப்புங்கள். கீழே பாறை. சுற்றியுள்ள மண்ணில் இறங்கும் நீருக்குப் போக வழியில்லை. காலித் தொட்டி தெப்பமாகும்” என்று தெலுங்கில் சொன்னார். ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். கான்கிரீட் மிதக்குமா என்று சிரித்தார்.

யாரை நம்புவது? எனக்குத் தெரிந்தது டன் கணக்கு ஒன்றே. உட்கார்ந்து போட்டேன். தளமும் சுவரும் சேர்ந்து 240 கன அடி. கன அடிக்கு 71 கிலோ எனில் 17 டன். தொட்டியின் அடிப்பரப்பு வெளி அளவில் 231 சதுர அடி. ஒரு கன அடி நீர் 28 கிலோ. வெளியே நீர் இரண்டரை அடிக்குச் சற்று மேல் ஏறினால் அதன் உந்தலும் 17 டன்! எங்கள் தொட்டியோ மண்ணுக்குள் மூன்றரை அடி புதைந்திருந்தது. கை நடுங்கியது. உள்ளே நிற்கும் நீரைப் பற்றியே பத்து மாதம் கவலைப்பட்டேன். வெளியே நிற்கும் நீரை ஒருநாளும் எண்ணவில்லை.

குழாயில் அன்று நீர்வரத்து இல்லை. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை அறுத்து, தோட்டக் குழாய்த் துண்டுகளை இணைத்துக் குளத்துக்குள் திருப்பினோம். தமக்கை விளக்குப் பிடித்தாள். 1,500 சதுர அடி மாடியில் 15 செ.மீ. மழை விழுந்தால் 20,000 லிட்டருக்கு மேல். வானமே நிரப்பிற்று. இரவு பதினொரு மணியளவில் தரைக்கடியில் முறிவதுபோல் ஓர் ஓசை. காலையில் பார்க்க, வடகிழக்கு மூலை ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது, ஓடுகள் நான்கு வெடித்திருந்தன, வடிகுழாய் முறிந்திருந்தது. அவ்வளவே. நாங்கள் சபித்த அந்தக் கசிவு வழியேயும் வெளிநீர் சிறிது உள்ளே வந்து பாரத்தைக் கூட்டியிருக்கும் என்றார் முதியவர். அம்மூலை இன்றும் அப்படியே இருக்கிறது. நீர் வைத்துப் பார்த்தால் தெரியும்.

மறுசீரமைப்பை விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: தொட்டியின் வெளிப்பக்கம் பாறைவரை துளையிட்ட குழாய் ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் சல்லி கொட்டியிருக்கிறோம். அதில் குச்சி விட்டு நீர்மட்டம் பார்க்காமல் குளத்தை இனிக் காலி செய்வதில்லை.

கோடையில் அண்டை வீட்டுக்காரர் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கையில் நமக்குக் குளமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாம் குடிக்கும் கிருஷ்ணை நீர் நாகார்ஜுனசாகர்ப் பக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றி இறைத்து வருவது. அதை இக்குளத்தில் விடுவதில்லை என்று தமக்கை விதித்துவிட்டாள். இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 80 செ.மீ. மழை உண்டு, மாடி நீர் குளத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். வடிகட்டியும் குளோரினும் இட்டு அந்நீரையே காக்கிறோம். வேனிலில் மட்டம் இறங்கினால் இறங்கியதுதான். சுற்றிலும் நான்கடி வேலி, தானே பூட்டிக்கொள்ளும் கதவு. இவற்றைத் தோண்டுமுன்னரே அவள் போடச் சொன்னாள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவுவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

பெண்கள் இருவரும் 2021-இல் கற்றுக்கொண்டார்கள். சுரைக்குடுக்கை ஐதராபாத்தில் எங்கே கிடைக்கும்? காற்றடைத்த இரப்பர் வளையந்தான். இளையவள் முதன்முதலாக வளையமின்றிக் கரைக்குக் கரை நீந்திய மாலையில், தமக்கை படியில் அமர்ந்து கணுக்கால்வரை நீரில் வைத்திருந்தாள். நெடுநேரம் கழித்து என்னைக் கேட்டாள்:

“அன்றைக்கு மதகடியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் இருந்திருக்கும், தம்பி?”

“இவ்வளவுதான், அக்கா” என்றேன்.