தலைக்குக் குளித்தால் தலைவலி



நாங்கள் ஈப்போவில் கடை வைத்திருப்பவர்கள், மருத்துவர்கள் அல்லர். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த தாய்மார்கள் வந்து, "தலைக்குக் குளித்தேன், மண்டையைப் பிளக்கிறது" என்று மாத்திரை கேட்பார்கள். வேலைக்குச் சொல்லும் சாக்கு என்றே நினைத்திருந்தோம்.

மும்பையில் தலைவலிக்கென்றே சிகிச்சையகம் நடத்திய மருத்துவர் கே. ரவிசங்கரின் ஆய்வைப் பற்றி அறிந்தபோது வெட்கப்பட்டோம். தலைக்குக் குளித்ததும் ஒற்றைத் தலைவலி கண்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி, 2006-இல் 'செஃபலால்ஜியா' என்ற மருத்துவ இதழில் அவர் எழுதியிருக்கிறார். சிலருக்கு அது ஒன்றே காரணம். பலருக்கு வேறு காரணங்களும் உண்டு.

மாத்திரைக்கும் கணக்கு இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்தைத் தாண்டி விழுங்கிவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். ஆகவே அடிக்கடி கேட்பவர்களை இப்போது மருத்துவரிடம் போகச் சொல்கிறோம். விற்பனை கொஞ்சம் குறைந்தது, மனம் நிறைந்தது.

வீட்டில் தாயோ மனைவியோ தலைவலி என்றால் முதலில் நம்புங்கள். அதுவே பாதி மருந்து.